ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கையும்

சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் ஊசியின் வலியைப் பற்றியும் மருத்துவச் செலவைப் பற்றியும் எல்லோரும் விசாரிப்பார்கள். தாகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோன உடலில், குடிக்கும் நீர் வெளியேற வழியின்றிக் காலிலும் முகத்திலும் தேங்கும். மிஞ்சினால் நுரையீரலில் கோத்து மூச்சை அடைக்கும். ஆகையால் மருத்துவர் எனக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று எல்லை வகுத்திருக்கிறார். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள் அடங்கியாக வேண்டும். என் மனைவி விடியற்காலையிலேயே ஒரு பாட்டிலில் அந்த அளவை ஊற்றி வைத்துவிடுவாள். நான் ஒரு தம்ளர் காப்பி குடித்தால், அதே தம்ளரால் பாட்டிலிலிருந்து தண்ணீரை முகந்து வாசலில் உள்ள குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றுவாள். மாலையில் பாட்டிலில் எஞ்சியிருப்பதுதான் இரவுக்கு என் பங்கு.

இந்த நோயோடு பெங்களூரில் சில ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் துணிவு வந்திருக்கிறது. ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்த வசனம் அது. ஆனால் படுக்கையில் கிடப்பவன் அதை எப்படிச் செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. செய்யுங்கள் என்று சொல்லி, ஜெபித்து, எழுந்து போய்விடுகிறார்கள். நோயையே நோக்கி நன்றி சொல்ல முயன்ற காலத்தில் என் வாயில் வார்த்தைகள் மட்டுமே இருந்தன. என்னைத் தாங்கிய மனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேவனிடம் நன்றி கூறத் தொடங்கியபோதுதான் அந்த ஸ்தோத்திரத்துக்கு உயிர் வந்தது. அதற்கு முன்பு அழ வேண்டியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வேலை தேடி இந்நகரத்துக்கு வந்து, லிங்கராஜபுரத்தில் குடியேறி, அச்சகத்தில் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டிப் பிழைத்தவன் நான். இரத்தக் கொதிப்புதான் என் சிறுநீரகங்களைக் கெடுத்தது. நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது, சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகும்வரை வலி எதுவும் காட்டாது என்பது. இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் என்ற இரண்டு எளிய பரிசோதனைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொண்டால் நோயை முன்கூட்டியே பிடிக்கலாம். சோதனை செய்துகொள்வது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். என் இடது முன்கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று அதற்குப் பெயர். அதன்மேல் விரலை வைத்தால் ஓடும் இரத்தத்தின் அதிர்வு கையில் தெரியும். ஒவ்வொரு நாளும் கண் விழித்தவுடன் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதன்மேல் சாய்ந்து தூங்கவும் கூடாது. விரலை வைத்து அதிர்வை உணரும் அந்த நிமிடத்தையே நான் என் காலை ஜெபத்தின் தொடக்கமாக ஆக்கிக்கொண்டேன்.

நோய் தெரிந்த புதிதில் வீட்டுக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் என் வீட்டில் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, அதை அறிக்கையிட்டால் நோய் நீங்கும் என்றார். இன்னொருவர், சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லச் சிறுநீரகம் உயிர்பெறும் என்றும், நாற்பது நாள் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்து அதுவரை டயாலிசிஸை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் அன்பினால்தான் வந்தார்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் இரண்டாவது ஆலோசனை உயிரை எடுக்கும் ஆலோசனை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஒருவர் டயாலிசிஸை நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மரணம் வரும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

வேதம் இப்படிப் பேசவும் இல்லை. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். அடிக்கடி நோயுற்ற தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது. எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல், தம் கடைசி நாட்களின் நிருபத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எந்த விளக்கமும் இல்லாமல் எழுதுகிறார். துரோப்பீமுவின் பாவம் என்ன, விசுவாசக் குறைவு என்ன என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒற்றை வரியைப் படித்த இரவில் எனக்குக் கிடைத்த ஆறுதலை நான் எந்தப் பெருங்கூட்டத்திலும் பெற்றதில்லை. சுகமாகாத ஒரு மனிதனின் பெயர் வேதப்புத்தகத்தில் மரியாதையோடு எழுதப்பட்டிருக்கிறது.

அழுகைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சங்கீதங்களை வரிசையாக வாசிப்பது வழக்கம் என்றாலும், புலம்பல் சங்கீதங்களை வேகமாக வாசித்துக் கடந்துவிடுவோம். நோய் வந்தபின் என் மனைவி அவற்றை நிறுத்தி நிதானமாக வாசிக்கத் தொடங்கினாள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கும் 13ஆம் சங்கீதம், தொண்டை வறண்டுபோயிற்று என்று சொல்லும் 69ஆம் சங்கீதம், கடைசி வசனம்வரை இருள் விலகாமலேயே முடிகிற 88ஆம் சங்கீதம். 69ஆம் சங்கீதத்தின் அந்த வரியை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கோடை இரவில் உரக்க வாசித்தேன். சிலுவையில் நம் ஆண்டவர் "தாகமாயிருக்கிறேன்" என்று சொன்னதை எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். அது ஆத்தும தாகம் என்று விளக்குவார்கள். அந்த இரவில் எனக்கு அது உலர்ந்த நாக்குடைய ஒரு மனிதனின் சொல்லாகக் கேட்டது. தாகம் என்னவென்று அறிந்த ஒருவரிடம் ஜெபிக்கிறேன் என்ற எண்ணம் வந்த பிறகு என் ஜெபத்தின் நடையே மாறிவிட்டது.

ஆகவே நோயில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம், நன்றியை வலிந்து வரவழைக்காதீர்கள் என்பதே. புலம்பல் சங்கீதங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாய்விட்டு, உங்கள் சொந்த விண்ணப்பமாக வாசியுங்கள். தேவனிடம் குறை சொல்லும் ஜெபங்களைத் தேவனே தம் வேதத்தில் வைத்திருக்கும்போது, அவற்றைத் தாண்டி நேரே ஸ்தோத்திரத்துக்குப் போகும்படி நம்மை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உபத்திரவம் தானாகவே மனிதனைப் பக்குவப்படுத்திவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. என்னோடு அதே மையத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொள்பவர்களில் வலியினால் கசந்து இறுகிப்போனவர்களையும் பார்க்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்று ரோமருக்கு எழுதிய பவுலே, அந்த வரிசையின் முடிவில், தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்று காரணம் சொல்கிறார். ஊற்றுகிறவர் ஒருவர் வேண்டும். வலிக்கு அந்தச் சக்தி கிடையாது.

என் ஸ்தோத்திரம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், 2024ஆம் ஆண்டுக் கோடையைச் சொல்வேன். அந்த மார்ச் மாதத்தில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றி, டேங்கர் லாரிக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். ஒரு நாள் இயந்திரத்தில் என்னை இணைத்துக்கொண்டிருந்த தொழில்நுட்பரிடம், தம்பி, உங்களுக்குத் தண்ணீர் வருகிறதா என்று சும்மா கேட்டேன். வட கர்நாடகத்திலிருந்து வந்த பையன். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவான். "அங்கிள், உங்க ஒருத்தருக்கே ஒரு தடவைக்கு நூத்தி இருபது லிட்டர் வேணும், தண்ணி இல்லேன்னா மிஷினே ஓடாது" என்றான். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், நான்கு மணி நேரம், சுத்திகரிக்கப்பட்ட நீர் என் இரத்தத்தின் பக்கத்தில், மெல்லிய இழைகளுக்கு மறுபுறம் ஓடி, அதிலுள்ள கழிவை வாங்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாத எனக்காக ஒவ்வொரு அமர்விலும் 120 லிட்டர் ஓடுகிறது என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று படுக்கையில் கிடந்தபடியே அந்தத் தண்ணீர் வந்த வழியை எண்ணத் தொடங்கினேன். ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் காவிரியிலிருந்து மேட்டு நிலமான இந்த நகரத்துக்கு நீரை ஏற்றி அனுப்பும் பம்புகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர்கள். வரத்துக் குறைந்த நாட்களில் எங்கள் மையத்துக்கு டேங்கர் ஓட்டி வந்தவர். மாடியில் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கவனிக்கும் பெரியவர். இணைப்பைச் சரிபார்க்கும் இந்தத் தம்பி. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான் துடிக்கும்போது காலை அழுத்திவிடும் சிஸ்டர். இவர்களில் பலர் இயேசுவை அறியாதவர்கள். இருந்தும் என் ஜீவன் நாள்தோறும் இவர்கள் கைகள் வழியாகவே எனக்கு வந்துகொண்டிருந்தது. அன்றுமுதல் மையத்தைவிட்டுப் புறப்படுமுன், அன்றைய தினம் என்னைத் தொட்டுக் கவனித்தவர்களின் பெயரைக் கேட்டறிந்து, நேரே நன்றி சொல்லி, பேருந்தில் வரும் வழியில் அந்தப் பெயர்களைத் தேவனிடம் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். "ஆண்டவரே, எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று பொதுவாகச் சொல்லும்போது என் மனம் எங்கோ அலையும். பெயர்களைச் சொல்லும்போது ஒரு நாளும் அலைந்ததில்லை.

அதன் பிறகுதான் பிலிப்பியர் நிருபத்தை நான் சரியாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் நம் வீடுகளின் நாட்காட்டிகளிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் எத்தனை முறை அச்சாகியிருக்கிறது! நானே அச்சடித்திருக்கிறேன். அட்டையில் இடம்பெறாத அடுத்த வசனம் இது: "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." கட்டுண்டிருக்கும் பவுலுக்குப் பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பினார்கள், கொண்டுபோனவரே அங்கே மரணத்துக்குச் சமீபமாக நோயுற்றார், அவர் பிழைத்ததைப் பவுல் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் செய்த இரக்கம் என்று எழுதுகிறார். சந்தோஷத்தின் நிருபம் என்று நாம் கொண்டாடும் அந்தக் கடிதம், சிறையிலிருப்பவர் தமக்கு வந்த உதவிக்காகப் பெயர் சொல்லி எழுதிய நன்றிக் கடிதமும்கூட. ரோமருக்கு எழுதியதன் கடைசி அதிகாரமும் அப்படித்தான். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, தமக்கும் தாயாக இருந்த ரூபின் தாயார் என்று பட்டியல் நீள்கிறது. கூட்டங்களில் அந்த அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் அரிது.

எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனையில், ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளின்மேல் எழுதியிருக்கும் நன்றிக் காரணங்களை வாசிப்பார்கள். பிறந்தநாள், திருமண நாள், மகன் தேர்ச்சி பெற்றது, புது வீடு, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அவை வரும். தீராத நோயில் இருப்பவர்கள் உறை போடுவதில்லை. சுகமான பிறகு போடலாம் என்று காத்திருப்பார்கள். நானும் என் மனைவியும் ஆலோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறு தொகையை வைத்து, உறையின்மேல், "டயாலிசிஸ் மையத்தில் எங்களைக் கவனிக்கும் ஊழியர்களுக்காகவும், தண்ணீர் கொண்டுவருபவர்களுக்காகவும்" என்று எழுதிப் போட்டோம். எங்கள் போதகரான ஐயர் அதை வாசிக்கும்போது ஒரு கணம் நிறுத்தி, மறுபடியும் வாசித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, மூளை வளர்ச்சி குன்றிய மகளைப் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் ஒரு சகோதரி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கும் ஒரு கவர் போடணும்னு இத்தனை நாள் தோணவே இல்லை" என்றார். அடுத்த வாரம் அவர் போட்ட உறையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துச்செல்லும் ஆட்டோக்காரரின் பெயர் இருந்தது.

உதவியை வாங்கிக்கொள்வதும் ஆவிக்குரிய பயிற்சிதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உழைத்துப் பிழைத்தவனுக்கு அது கடினம். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள்; யாரிடமும் எதுவும் கேட்க வாய் வராது. எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் வேறு விதமாகச் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை மதிய உணவு ஒரு வீட்டிலிருந்து, சனிக்கிழமை நான் மையத்திலிருந்து திரும்பும்போது துணைக்கு ஒரு வாலிபர் என்று தாங்களாகவே நாளும் ஆளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். இதனால் என் மனைவிக்கு வாரத்தில் ஒரு பகல் தூங்கக் கிடைக்கிறது. நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் தனியாக ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும்; பல வீடுகளில் முதலில் உடைந்துபோவது அவர்தான். வரும்போது இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு கொண்டுவருவதைத் தவிர்க்கச் சொல்வேன். அவற்றிலுள்ள பொட்டாசியம் எங்கள் இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். எங்கள் வீட்டில் காய்கறியைக்கூட நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறோம். சபையில் ஒரு வயதான அண்ணாச்சி வருவார். வந்து உட்காருவார், பேசமாட்டார், ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுப் போவார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த மிகச் சிறந்த ஊழியம் என்று அவரைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

திருவிருந்து நாட்களில் பாத்திரத்திலிருந்து நான் பருகும் ஒரு மிடறும் அன்றைய ஒரு லிட்டரில் சேரும். அதற்காகவே காலைக் காப்பியில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் கர்நாடகத்தில் உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் ஜீவசார்த்தகதே அமைப்பில் பதிந்திருக்கிறேன். என் மனைவிக்கு நீரிழிவு இருப்பதால் அவளால் தர இயலாது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்தால்தான் எனக்கு விடுதலை. இதற்காக எப்படி ஜெபிப்பது என்பது என்னை வெகுநாள் வாட்டியது. என் சுகத்தைக் கேட்பது இன்னொரு வீட்டில் சாவைக் கேட்பதாகிவிடுமோ என்று அஞ்சி, அந்த விண்ணப்பத்தையே விட்டுவிட்டிருந்தேன். அடுத்த கட்டிலில் படுக்கும் சிவாஜிநகர் பாய் ஒருவரும் இதே பட்டியலில் காத்திருக்கிறார். அவருக்கும் இதே வேதனை இருந்தது. ஐயரிடம் மனம் திறந்து பேசியபோது அவர், "அந்தச் சாவை நீங்க கேக்கலையே அண்ணாச்சி, அந்த நேரத்துல அந்தக் குடும்பத்தைத் தாங்கும்படி கேளுங்க" என்றார். அப்படியே கேட்கிறேன். தருபவர் யார் என்பதைப் பெறுபவருக்குத் தெரிவிக்காமல் காப்பதே வழக்கம் என்பதால், என் நன்றிப் பட்டியலில் பெயர் சொல்ல முடியாத ஒருவருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். அவர் இன்று உயிரோடும் சுகத்தோடும் இருப்பார். அவர் நீண்ட நாள் வாழ வேண்டும் என்றும் கேட்கிறேன்.

எங்களுக்குப் பின் எங்கள் உறுப்புகளில் பயன்படுபவை எவையோ அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் என் மனைவியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் முடிவு சொல்ல வேண்டியது குடும்பத்தார்தான். ஆகையால் மகனையும் மருமகளையும் உட்காரவைத்து எங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டோம். அடுத்த மாத வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஐயர் எனக்கு அரை மணி நேரம் தந்திருக்கிறார். அது டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதால் என்னால் நின்றுகொண்டே பேச முடியும். பாயும் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார்.